யவீரு வீட்டம்மா

பிரான்சிஸ்டவுன், போட்ஸ்வானா
14-2-2001, புதன்

அன்புள்ள கிரேஸி அக்கா,

போன கடிதம் எழுதிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொன்றா என்று கேட்பாய். என்னால் இருக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. இன்று மதியம் கேட்டதை ஆறுவதற்குள் உனக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பெரிய மரூலா மரம் இருக்கிறது. புதன்கிழமைதோறும் அதன் அடியில் பெண்கள் கூடுவார்கள். வார்டு பெருக்குகிறவர்கள், சமையல்கட்டுப் பெண்கள், நர்ஸுகள், எழுந்து நடக்க முடிகிற நோயாளிகள். வழக்கமான ஜெபக்கூட்டம் என்று நினைத்து இத்தனை நாளாக நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்று எங்கள் வார்டில் பெருக்குகிற ம்மா நேயோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். ம்மா நேயோ என்றால் நேயோவின் அம்மா. இங்கே பிள்ளை பிறந்துவிட்டால் பெண்ணுக்கு அதுதான் பெயர். அம்மாவுக்கு இந்த ஊரிலும் ‘ம்மா’தான் அக்கா. வந்த அன்றே எனக்கு அது பிடித்துப்போயிற்று.

மாற்கு ஐந்தாம் அதிகாரம் வாசித்தார்கள். சாகக் கிடக்கிற மகளுக்காக யவீரு ஆண்டவரை வீட்டுக்கு அழைத்துப்போகிறான், வழியில், பன்னிரண்டு வருஷமாக ரத்தப்போக்கு நிற்காத பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்துக்குள் புகுந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். நாம் சண்டே ஸ்கூலில் படித்த அதே கதை. ஒருத்தி வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். படிக்கத் தெரியாத ஒரு சமையல்காரம்மா அதையே தன் வாயால் திரும்பச் சொன்னார். இன்னொருத்தி நடுவில் புகுந்து வேறு மாதிரி சொன்னாள். யாரும் யாரையும் திருத்தக்கூடாது. பாஸ்டர் இப்படிச் சொன்னார் என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். பக்கத்தில் இருந்த சிஸ்டர் எனக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசியில் ம்மா நேயோ ஒவ்வொருவரையும் கேட்டார்: இந்தக் கதையில் நீ எங்கே நிற்கிறாய்?

போனோலோ என்று ஒரு நோயாளி, என் வார்டுதான், எலும்பும் தோலுமாக இருப்பவள். “அவள் விரலுக்கும் அவர் துணிக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கிறதே, அங்கே நிற்கிறேன்” என்றாள். உடனே அந்தச் சமையல்காரம்மா, “சீக்கிரம் தொடு, பின்னால் நாங்கள் வரிசையில் நிற்கிறோம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், போனோலோவும் சிரித்தாள். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு இப்படிச் சிரிக்கலாம் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

என்னைக் கேட்டபோது மட்டும் பதில் வரவில்லை.

நீ ஒன்பது வருஷமாகப் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். ஒருமுறை இப்படிச் செய்து பாரேன்.

பெனிட்டா ஸ்கூலுக்குப் போகிறாளா? அவள் அப்பா ஐசக் அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஃபீபி அண்ணி தன் பிள்ளையைப் பார்க்க வந்தார்களா என்று இரண்டு கடிதத்தில் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

உன் தங்கை
ஹெப்சி


ஆம்பூர்
11-3-2001

ஹெப்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நர்ஸ் வேலைக்குப் போனாயா, பைபிள் காலேஜுக்குப் போனாயா? மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு விதமாகக் கதை சொன்னால் அதற்குப் பெயர் வேத பாடமா? அங்கே நாம் மிஷனரி அனுப்புகிறோம் என்று நம் சபையில் காணிக்கை எடுக்கிறார்கள். நீ அங்கிருந்து எனக்குப் பாடம் அனுப்புகிறாய்.

நீ கேட்டதற்குப் பதில். பெனிட்டா நன்றாக இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் இரண்டாவது ரேங்க். நானும் உன் அத்தான் நெல்வினும் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி இனி எழுதாதே. அவளிடமிருந்து வந்த வியாதிதான் என் தம்பியைக் கொன்றது. அடக்கம் முடிந்த அன்றே நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், அவள் சத்துவாச்சாரியில் அம்மா வீட்டுக்குப் போனாள். அத்தோடு முடிந்தது.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் வியாழக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்.

எங்கள் ஷூ பாக்டரியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் மக்கர். ஸ்டிச்சிங் ஹால் பூராவும் மெஷின் நின்று, என் லைனில் இருக்கிற பெண்கள் சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உன் கடிதம் என் பையில் இருந்தது. எதற்கென்று தெரியவில்லை, அந்தக் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, “இப்போ நீங்க சொல்லுங்க பாக்கலாம்” என்றேன்.

கலையரசி, குடியாத்தத்துப் பெண், தறிக்காரர் வீட்டு மகள், பைபிளைக் கையால் தொட்டது கிடையாது. அவள் ஆரம்பித்தாள். “அந்தம்மா பன்னெண்டு வருசமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிட்டாங்க. வீட்டுல துணி துவைச்சி மாளல. சொந்தக்காரங்க உள்ள விடல. அன்னிக்கி கூட்டம் எப்டினா, சாயந்தரம் ஷிப்ட் விட்டதும் நம்ம பஸ் ஸ்டாண்டுல வருமே அந்த பஸ்ஸு, அதுமாரி. அந்தம்மா குனிஞ்சி, காலுக்குள்ள பூந்து போறாங்க. ஏன்னா நிமுந்து போனா யாராச்சும் மூஞ்சிய பாத்து, இவ எதுக்குடி இங்க வந்தான்னு கேட்டுடுவாங்க.”

ஹெப்சி, அந்த ஸ்திரீ குனிந்து போனாள் என்று எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை? வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள் என்று எத்தனை தடவை நானே பிரசங்கம் செய்திருக்கிறேன்.

அதற்குள் ப்ளோர் மேனேஜர் ஆபித் பாஷா சார் வந்துவிட்டார். “இன்னா மீட்டிங்கு?” என்றார். பேஸ்டிங் டேபிளில் இருக்கிற ரஃபத் ஜஹான், “மீட்டிங் இல்ல சார், கதை. அந்தம்மா இன்னும் துணியத் தொடல, கொஞ்சம் இருங்க” என்றாள். அவர் நிஜமாகவே நின்றார். தொட்டு முடிகிறவரை நின்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கே நிற்கிறாய் என்று என்னையும் கேட்டார்கள். யவீரு பக்கம் என்றேன். பிள்ளைக்காக ஓடுகிறவனை வழியில் நிறுத்திவைத்தால் அவன் வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கரண்ட் இருந்தது. இருந்தும் சாப்பாட்டு நேரத்தில் பதினோரு பேர் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

கிரேஸி


பிரான்சிஸ்டவுன்
2-4-2001

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மரத்தடியில் வாசித்தேன். நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல சிஸ்டர் அவர்கள் பாஷைக்கு மாற்றினார். கலையரசி சொன்ன இடம் வந்ததும் ம்மா நேயோ எழுந்துவிட்டார். அறுபது வயது, இடுப்பு வலி. அப்படியே குனிந்து, நாற்காலிகளுக்கு நடுவில் தவழ்கிற மாதிரி போய்க் காட்டினார். “இந்தியாவில் இருக்கிற அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு ஏன் தெரியவில்லை?” என்று எல்லாரையும் கேட்டார். நீ எங்கே மிஷனரி அனுப்புகிறாயோ தெரியாது, உன் கலையரசி இங்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

இன்னொன்று கேள். இந்த ஊர்ப் பாஷையில் அவன், அவள் என்ற பேச்சே கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான். கடவுளுக்கும் அதேதான். நம் பைபிளில் அந்த ஸ்திரீயை மரியாதை இல்லாமல் ‘அவள்’ என்றுதானே அச்சடித்திருக்கிறது? உன் லைன் பெண்கள் ஒருத்தர் சொல்லாமலே ‘அந்தம்மா’ என்கிறார்கள். நீ அதைத் திருத்தவில்லை பார்த்தாயா. நான் கவனித்தேன்.

இந்த வாரம் இங்கே பெரிய சண்டை. யார் என்னைத் தொட்டது என்று ஆண்டவர் கேட்கிறாரே, அது சரியா தப்பா? ஒருத்திக்கு ஒரே கோபம். பாவம், மறைவாக வந்து சுகமாகி மறைவாகப் போக நினைத்தவளை நடுத்தெருவில் ஏன் பேச வைக்க வேண்டும் என்றாள். போனோலோ வேறு மாதிரி சொன்னாள். அந்தப் பெண் உண்மை எல்லாவற்றையும் சொன்னாள் என்றுதானே எழுதியிருக்கிறது, பன்னிரண்டு வருஷத்து உண்மையைச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அத்தனை நேரமும் யவீரு என்கிற பெரிய மனுஷன் வெயிலில் நின்றான், ஒரு பெண் பேசி முடிக்கட்டும் என்று ஊரே நின்றது, அதுதான் அதிசயம், சுகமானது அப்புறம்தான் என்றாள். நீ யவீரு பக்கம் நிற்பதாகச் சொன்னேன். “நிற்கட்டும், ஆனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கட்டும்” என்று சொல்லச் சொன்னார்கள்.

அடுத்த தடவை ம்மா நேயோ எப்போதும் கேட்கிற இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பார். இந்தக் கதையில் பேசாமல் இருப்பது யார்?

உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஹெப்சி


ஆம்பூர்
29-4-2001

ஹெப்சி,

உன் ம்மா நேயோவிடம் சொல், அந்தக் கேள்வியால் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை கேட்டேன். சீஷர்கள் என்றார்கள், இல்லை, அவர்கள் பேசுகிறார்கள். கூட்டம் என்றார்கள், அதுவும் பேசுகிறது. ரஃபத் ஜஹான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, “கிரேஸிக்கா, அந்தப் பொண்ணோட அம்மா எங்க?” என்றாள்.

“வீட்ல இருப்பாங்க.”

“இருப்பாங்கன்னா? புக்குல இருக்கா, இல்லியா? பாத்து சொல்லுங்க.”

பைபிளை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. கடைசியில் ஆண்டவர் பிள்ளையின் தகப்பனையும் தாயையும் அழைத்துக்கொண்டு உள்ளே போகிறார். தாய் என்று ஒரு சொல். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

“பாருங்க,” என்றாள் ரஃபத். “புருஷன் தெருவுல ஓடுறாரு, எல்லாரும் அவரத்தான் பாக்குறாங்க. பெத்தவங்க கட்டிலாண்ட உக்காந்துனு இருக்காங்க. பொண்ணுக்கு மூச்சு இழுக்குது. அவங்கள யாராச்சும் போயி இன்னான்னு கேட்டாங்களா?”

செக்கிங்கில் இருக்கிற சவுரியம்மாள் நம் தெருதான், உனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டே, “பெனிட்டாவோட அம்மாவும் அப்டித்தான கிரேஸி” என்றாள்.

நான் எழுந்து பாத்ரூம் போய்விட்டேன்.

உனக்கு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு ஃபீபி வந்தாள். கையில் ஒரு கவுன். கேட்டுக்கு வெளியே நின்றாள். நெல்வின்தான் போய் வாங்கிக்கொண்டார். நான் உள்ளே பெனிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி சத்தத்தை ஜாஸ்தி வைத்தேன். வெளியே குரல் கேட்கக்கூடாது என்றுதான் வைத்தேன். அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. கவுன் சின்னதாக இருந்தது. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாதே.

நீ நர்ஸ். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். அந்த வியாதி அவளிடமிருந்துதான் ஐசக்குக்கு வந்ததா?

கிரேஸி


பிரான்சிஸ்டவுன்
20-5-2001

அக்கா,

இல்லை.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் ஐசக் அண்ணன் என் ஹாஸ்டலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தோம். கான்பூரிலிருந்து தோல் ஏற்றிக்கொண்டு வந்து லாரியை ராணிப்பேட்டையில் விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். காய்ச்சல் விடவில்லை என்று எங்கோ ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். எச்.ஐ.வி. என்று வந்திருக்கிறது. லாரி வாழ்க்கையில் வந்தது என்று அவரே சொன்னார். பெனிட்டாவுக்கு அப்போது ஒன்றரை வயது.

“ஹெப்சி, யார்ட்டயும் சொல்லாத. அக்கா தாங்க மாட்டாங்க. ஃபீபிக்குத் தெரிஞ்சா போய்டுவா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்களே அண்ணியிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஃபீபி அண்ணிக்கு வராமலே இருந்திருக்கலாம். எனக்கு அது தெரியும் அக்கா, நான் படித்த படிப்பே அதுதானே.

அண்ணன் போன பிறகு நீ அண்ணியைப் பழி சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றேன். பெனிட்டாவை நீ தூக்கிக்கொண்டு காரில் ஏறியபோது கதவைத் திறந்துவிட்டது நான். அண்ணிக்கு அன்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். அடுத்த வருஷமே இந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். நல்ல வேலை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

நீ எங்கே நிற்கிறாய் என்று ம்மா நேயோ கேட்டபோது ஏன் பதில் வரவில்லை என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

போனில் மூன்று நிமிஷத்தில் சொல்லக்கூடியது இல்லை என்பதால் எழுதினேன். அண்ணிக்கும் இதே தபாலில் எழுதியிருக்கிறேன். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஹெப்சி


பிரான்சிஸ்டவுன்
29-7-2001

அக்கா,

பத்து வாரமாகிறது. ஒவ்வொரு புதன்கிழமையும் ம்மா நேயோ, ஆம்பூரிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். “அவள் பேசி முடிக்க நேரமாகும், காத்திரு” என்கிறார். காத்திருக்கிறேன்.

ஹெப்சி


ஆம்பூர்
19-8-2001

ஹெப்சி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். நெல்வின் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆற வருஷமாகலாம். ஐசக்கின் போட்டோவைத் திருப்பி வைத்திருந்தேன். போன வாரம்தான் நேராக மாட்டினேன். அவனும் என் தம்பிதானே.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு சத்துவாச்சாரிக்குப் போனேன். வேலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். எங்கே போறோம் பெரியத்த என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். உன் அம்மாவைப் பார்க்க என்றதும் கேள்வி நின்றுவிட்டது.

ஃபீபி இளைத்துதான் இருந்தாள், ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே விடவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்து, “சாப்ட்டியா கண்ணு?” என்றாள். பெனிட்டா என் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

ஹெப்சி, அந்தப் பெண் ஓடிவந்து பிள்ளையைக் கட்டிக்கொள்ளவில்லை. பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். நான் வாசற்படியில் நின்றேன். நான் பேச வேண்டியதை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், ஒன்றும் வரவில்லை. “எல்லாம் தெரிஞ்சிடுச்சி ஃபீபி. ஹெப்சி எழுதிட்டா” என்றேன்.

“எனக்கும் எழுதுச்சி. எனக்கு முன்னயே தெரியும் அண்ணி. அவரு போறதுக்கு ஒரு வாரம் முன்ன எங்கிட்ட சொல்லிட்டாரு. ஹெப்சிக்கும் தெரியும்னு சொன்னாரு.”

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல? நான் அவ்ளோ பேசினேனே.”

மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க கேக்கவே இல்லியே அண்ணி.”

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் பேசினாள். காய்ச்சலோடு எழுந்து, பிள்ளை எங்கே என்று வீடு வீடாகக் கேட்டதைச் சொன்னாள். ரேஷன் கடையில் வரிசை விலகி நின்றதைச் சொன்னாள். என் முகத்துக்கு எதிரே என்னைப் பற்றியும் சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. எத்தனை தடவை வாய்வரை வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நடுவில் எப்போதோ பெனிட்டா எழுந்து போய், மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள இனிமே எங்கூட இருக்கட்டும்” என்றாள் ஃபீபி. நான் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கத்தி மாதிரி இறங்கியது. ஆறு சனிக்கிழமை இப்படிப் போய்வந்தோம். போன வாரம் பெனிட்டாவின் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தனியாகத் திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை நான் போகலாம். ஞாயிறு பெனிட்டாவும் ஃபீபியும் இங்கே வருவார்கள். வியாழக்கிழமை ஃபீபியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஆரம்பிக்கலாம், உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொல்கிறார். மருந்துச் சீட்டைப் பார்த்து நான் கைப்பட எழுதிக்கொண்டு வந்ததை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். நீ பார்த்துச் சொல். அந்த உதவியாவது செய்.

கிரேஸி


பிரான்சிஸ்டவுன்
9-9-2001

அக்கா, என் அக்கா,

மருந்து சரிதான். இங்கேயும் காசு கொடுத்து வாங்க முடிகிறவர்களுக்கு இதையேதான் கொடுக்கிறார்கள், எழுந்து நடக்கிறார்கள் அக்கா, என் கண்ணால் பார்க்கிறேன். வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், அது மட்டும் முக்கியம். அண்ணியும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். நாலே வரி. அதில் ஒரு வரி என்னை மன்னிக்கவில்லை என்பது. இன்னொரு வரி, வரும்போது பெனிட்டாவுக்கு ஒரு யானை பொம்மை வாங்கி வரச் சொல்லி. இரண்டையும் நூறு தடவை படித்துவிட்டேன்.

உன் கடிதத்தை மரத்தடியில் வாசித்தபோது, நீங்கள் கேட்கவேயில்லை என்று அண்ணி சொன்ன இடத்தில் நாற்பது பெண்களும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அந்தச் சத்தத்தை உனக்கு அனுப்ப முடிந்தால் நன்றாக இருக்கும். ம்மா நேயோ அண்ணிக்குப் பெயர் வைத்துவிட்டார். ம்மா பெனிட்டா. போனோலோ கேட்கச் சொன்னாள்: யவீருவின் மனைவிக்குப் பேச இடம் கொடுத்தால் என்ன சொல்லியிருப்பாள்? ம்மா பெனிட்டாவைக் கேட்டு எழுதுங்கள், எங்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறாள்.

ஹெப்சி


ஆம்பூர்
16-10-2001

அன்புள்ள ஹெப்சி,

கேட்டேன். எனக்குச் சொல்ல மாட்டாளாம், சபைக்குத்தான் சொல்வாளாம்.

பெண்கள் ஞாயிறு அன்று ஆராதனையை நாங்கள்தானே நடத்துகிறோம். பிரசங்கம் என் முறை. அதை ஃபீபிக்குக் கொடுத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடும் அவள் சமைப்பதாகச் சொன்னாள். கமிட்டிச் செயலாளர் ஷாஜின் வீடு தேடி வந்து, “சாப்பாடு வெளியில ஆர்டர் குடுத்துடலாம் சிஸ்டர், எதுக்குப் பேஜாரு?” என்றார். தொட்டால் வராது, சாப்பிட்டால் வராது, என் தங்கை நர்ஸ், எழுதியே கொடுப்பாள் என்றேன். ஆயர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, நடக்கட்டும் என்றார். யார் சமைக்கிறார்கள் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடச் சொன்னாள் ஃபீபி. சொன்னோம்.

அன்று கோவில் நிறைந்திருந்தது. கடைசி பெஞ்சில் ரஃபத் ஜஹான், கலையரசி, சவுரியம்மாள், இன்னும் என் லைன் பெண்கள் ஒன்பது பேர் முக்காடும் பூவுமாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரத்தை நான் வாசித்தேன். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஃபீபி பீடத்துப் பக்கம் போகவில்லை. நடைபாதையிலேயே நின்று பேசினாள். அப்படியே எழுதுகிறேன், போனோலோவுக்குப் படித்துக் காட்டு.

“நான் யவீரு வீட்டம்மா. எம்பேரு புக்குல இல்ல. எங்க வீட்டுக்காரரு ஓடுனத எல்லாரும் பாத்தீங்க. நான் உள்ள இருந்தேன். எம்பொண்ணு கை சில்லுனு ஆய்டுச்சி, தேச்சினே இருந்தேன். வழியில ஒரு பொம்பள அவர நிறுத்திட்டா, அதான் லேட்டுனு வந்து சொன்னாங்க. எனக்கு அந்தம்மா மேல கோவம் வரல. அவங்களுக்கும் வேற கதி இல்ல, எனக்கும் வேற கதி இல்ல. நடுவுல இருக்கறவங்கதான் எங்க ரெண்டு பேருக்கும் சண்ட மூட்டுறாங்க. அப்புறம் பொண்ணு செத்துடுச்சினு சொல்லி, வெளிய ஒரே அழுக. எங்கிட்ட ஒருத்தரும் வந்து கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், கை லேசா சூடாவுதுன்னு.”

கடைசி பெஞ்சு பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மேலே சொன்னாள்.

“அவரு வந்தாரு. பொண்ண எழுப்புனாரு. எல்லாரும் அதோட கதைய முடிச்சிடுறீங்க. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாரு. புள்ளைக்கு சாப்பிடக் குடுன்னாரு. யாரப் பாத்து சொல்லியிருப்பாரு? வெளிய அழுதவங்களயா? என்னப் பாத்துதான். எங்கையால குடுக்கச் சொன்னாரு. மூணு வருசமா எங்கையால யாரும் ஒண்ணும் வாங்கல. இன்னிக்கி சமைச்சி வச்சிருக்கேன். வந்து சாப்பிடுங்க.”

பேசி முடித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. ஆசீர்வாதம் முடிந்ததும் பாதிக் கோவில் நேராக வாசலுக்குப் போய்விட்டது. ஷாஜின் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா என்னைப் பார்த்தார்கள், ஃபீபியைப் பார்த்தார்கள். “நீங்க போங்க, நான் சாப்ட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு நேராக வந்து முதல் தட்டை எடுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் அவர்கள் புருஷனுக்கு எதிரே குரல் எடுத்து நான் கேட்டதே இல்லை. அடுத்தது ஆயர். பிறகு வரிசை வந்தது. நீளமான வரிசை இல்லை, ஆனால் வரிசைதான். நூற்றைம்பது பேருக்குச் சமைத்ததில் அறுபது பேர் சாப்பிட்டார்கள்.

மீதியை என்ன செய்வது என்று நான் கவலைப்பட ஆரம்பித்தபோது ரஃபத் ஜஹான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். “புளிசோறுதான? எங்க வூட்டுக்கு ஒரு பக்கெட் குடுங்க, தெருவுக்கே ஆவும்” என்றாள். கலையரசி பஸ்ஸுக்குப் பொட்டலம் கட்டினாள். சவுரியம்மாள் அவர்கள் கோவில் ஆட்களை அழைத்துவந்தாள். மூன்று மணிக்கு அண்டாவைக் கவிழ்த்துக் கழுவினோம். ஒரு பருக்கை இல்லை.

அப்போதுதான் ஃபீபியும் நானும் பெனிட்டாவும் சாப்பிடவே இல்லை என்று நினைவு வந்தது. ஃபீபி சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. மருந்து வேளை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற ஓட்டலுக்கு மூன்று பேரும் ஓடினோம்.

நான் பெனிட்டாவை வழக்கமாகக் கூட்டிப்போகிற ஓட்டல்தான். சர்வருக்கு எங்களைத் தெரியும். தண்ணீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பாப்பாக்கு இன்னா கொண்டாரட்டும்மா?” என்றார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

“தோசை,” என்றாள் ஃபீபி. “ரெண்டா கொண்டாங்க. நல்லா சாப்பிடுவா.”

உன் அக்கா
கிரேஸி